உதகைக்குக் குடிவந்த பிறகு மாவு பொங்கவில்லை, பருப்பு மசியவில்லை: மலையூரில் சமைப்பவர்களின் யோசனை வேண்டும்

காவிரிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். கணவருக்குப் பணிமாற்றம் வந்ததால் ஐப்பசியில் கும்பகோணத்திலிருந்து உதகமண்டலத்திற்குக் குடிவந்தோம். வீடு, பிள்ளைகளின் பள்ளி, எரிவாயு இணைப்பு எல்லாம் ஒருவாறு ஒழுங்காகிவிட்டன. அடுப்படி மட்டும் இன்னும் பிடிபடவில்லை. கும்பகோணத்தில் மாலையில் அரைத்து மூடி வைத்தால் விடிவதற்குள் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டுவிடும் இட்லி மாவு, இங்கே மறுநாள் காலையிலும் அரைத்து வைத்த அளவிலேயே, புளிப்பு வாசனை சிறிதும் இல்லாமல், பச்சை உளுந்து மணத்தோடு கிடக்கிறது. வடித்த சோறு மேலே குழைந்தும் நடுவில் அரிசியாகவும் இருக்கிறது. ஊரில் மூன்று விசிலில் மசிந்த துவரம்பருப்பு, இங்கே கரண்டியால் நசுக்கினாலும் முழுதாக நிற்கிறது.

என் மாமியார் எழுபது வயதைக் கடந்தவர். பற்கள் பெரும்பாலும் இல்லை. காலையில் மிருதுவான இட்லியும் மதியம் குழைந்த பருப்புச் சாதமும்தான் அவருக்கு வயிறு நிறைய உண்ணக்கூடிய உணவு. அவருக்காகவே கேட்கிறேன். மலையூர்களில் நெடுங்காலமாகச் சமைப்பவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மலைப்பாதை:

வணக்கம் சகோதரி. குன்னூரில் இயற்பியல் ஆசிரியராக இருக்கிறேன். சமைத்துக் காட்டும் திறமை எனக்கில்லை; ஆனால் காரணத்தைச் சொல்ல முடியும், காரணம் தெரிந்தால் வழியும் தெரியும்.

உங்கள் கைப்பக்குவத்தில் எந்தக் குறையும் இல்லை. கும்பகோணம் கடல்மட்டத்திலிருந்து 30 மீட்டர் உயரம்கூட இல்லாத ஊர். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டரில் இருக்கிறது. மேலே வர வரக் காற்றழுத்தம் குறைவதால் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆகவே உங்கள் அடுப்பில் தளதளவென்று கொதிக்கும் உலைநீர் 92, 93 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. தீயை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீர் சீக்கிரம் வற்றுமே தவிர, சூடு அதற்கு மேல் ஏறாது. எங்கள் குன்னூர் 1,850 மீட்டர் என்பதால் இங்கே 94 டிகிரி வரை கிடைக்கிறது. அந்தச் சிறு வித்தியாசத்தைக்கூடப் பருப்பு வேகவைப்பவர்கள் உணர்கிறார்கள்.

இதில் ஆறுதலான செய்தியும் உண்டு. அரிசியின் மாவுச்சத்து 70, 80 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும் என்பதால் சோறு வேகாமலே போய்விடாது, நேரம்தான் கூடும். அரிசியின் நடுப்பகுதிக்கு நீர் போய்ச் சேர்வதற்குள் மேற்பகுதி குழைந்துவிடுவதுதான் நீங்கள் காணும் சிக்கல். அரை மணி நேரமாவது ஊறவைத்த பிறகு உலையில் இட்டால் அது பெரும்பாலும் தீரும்.

பிரஷர் குக்கரைப் பற்றியும் ஒரு விளக்கம் தேவை. குக்கரின் மேல் போடும் குண்டு, வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் இவ்வளவு என்றுதான் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிறது. வெளிக்காற்றே இங்கு மெலிந்திருப்பதால் உள்ளே இருக்கும் மொத்த அழுத்தமும் குறைகிறது. சமவெளியில் 120 டிகிரியை ஒட்டிப் போகும் குக்கர் இங்கே நான்கைந்து டிகிரி கீழேயே நின்றுவிடும். எனவே குக்கர் கைவிடாது, ஆனால் பழைய நேரக்கணக்கு பொருந்தாது. சமவெளியில் எடுத்த நேரத்துடன் நான்கில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இஞ்சிப்பூண்டு:

ஆசிரியர் ஐயா சொன்ன கணக்கு சரியானது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உதகையில் சமைக்கும் அனுபவத்தில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

முதலில், தங்கையே, விசில் எண்ணுவதை விட்டுவிடுங்கள். தீயைப் பெரிதாக வைத்தால் விசில் அடுத்தடுத்து வரும், சிறிதாக வைத்தால் தாமதமாக வரும். அதற்கும் உள்ளே பருப்பு வெந்ததற்கும் நேரான தொடர்பு இல்லை. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஊறிய துவரம்பருப்புக்கு அதன்பின் 12 நிமிடம் போதும். ஊறாததற்கு இருபதை நெருங்கும். கொண்டைக்கடலையை முதல் நாள் இரவே வெந்நீரில், கொஞ்சம் உப்புப் போட்டு ஊறவைத்துவிடுங்கள். உப்புப் போட்டால் வேகாது என்று நம் பக்கம் சொல்வார்கள்; ஊறும் நீரில் உப்புப் போட்டால் தோல் நன்றாகவே இளகுகிறது. புளியும் தக்காளியும்தான் பருப்பை இறுகவைப்பவை. பருப்பு முழுவதும் மசிந்த பிறகே அவற்றைச் சேர்க்க வேண்டும்.

இன்னொன்றையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே சோப்பு கொஞ்சமாகத் தேய்த்தாலும் நுரை பொங்கி, அலச அலசப் போகாமல் இருக்கும். அவ்வளவு மென்மையான தண்ணீர் இது. நகரின் குடிநீரில் பெரும்பகுதி பார்சன்ஸ் வேலி அணையிலிருந்து, அதாவது சோலைக்காடுகளும் புல்வெளியும் சூழ்ந்த நீர்ப்பிடிப்பிலிருந்து வருகிறது. ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் உள்ள சுண்ணாம்பு பருப்பின் தோலை இறுக்கிவிடும். இந்த நீரில் அந்தத் தொல்லை இல்லை. மலையின் உயரம் கெடுப்பதில் ஒரு பகுதியை மலையின் தண்ணீர் ஈடுகட்டிவிடுகிறது.

குழம்பிலும் கஞ்சியிலும் ஊரில் விடுவதைவிட ஒரு கை தண்ணீர் கூடுதலாக விடுங்கள். நேரம் கூடுவதால் வற்றுவதும் கூடும்.

வெந்தயக்கூடை:

கோயம்புத்தூரில் வீட்டிலிருந்தே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். மலையிலிருந்து வந்து வாங்கிச் செல்லும் வாடிக்கையாளர்கள் சிலர் உண்டு. அவர்கள் கேட்டுக் கேட்டு, நானும் அவர்கள் வீடுகளில் செய்து பார்த்தவற்றை வைத்து எழுதுகிறேன்.

மாவு பொங்காமல் இருப்பதற்கும் உயரத்துக்கும் தொடர்பில்லை, குளிரே காரணம். உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே இருக்கும் லியூக்கோநாஸ்டாக் போன்ற நுண்ணுயிர்கள் மாவில் உள்ள சர்க்கரையை உண்டு அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகின்றன. அமிலம் புளிப்பைத் தருகிறது, வாயு மாவை உயர்த்துகிறது. அவை சுறுசுறுப்பாக வேலை செய்வதற்கு 25 முதல் 32 டிகிரி வரை வெப்பம் வேண்டும். கும்பகோணத்தில் இரவுக் காற்றே அதைக் கொடுத்துவிடும். உதகையில் மார்கழி இரவில் வீட்டுக்குள்ளேயே 10 டிகிரிக்கு இறங்கிவிடுவதால், அவை ஏறத்தாழ உறங்குகின்றன. சாகவில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். சூடு கிடைத்தால் விழித்துக்கொள்ளும்.

ஆகவே பொங்கும் நேரத்தில் மட்டுமல்ல, ஊறவைப்பதிலிருந்தே சூட்டைக் காக்க வேண்டும். மிக்ஸியிலோ கிரைண்டரிலோ உளுந்தை அரைக்கும்போது மாவு சூடாகிவிடக் கூடாது என்பதற்காகச் சமவெளியில் நாங்கள் குளிர்ந்த நீரைத் தெளிக்கிறோம். அந்த அறிவுரை உங்களுக்குப் பொருந்தாது. கைபொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, அரைக்கும்போதும் வெதுவெதுப்பான நீரையே தெளியுங்கள். நான்குக்கு ஒன்று என்று போடும் உளுந்தைச் சற்றுக் கூட்டி, மூன்றரைக்கு ஒன்று என்று வையுங்கள். வெந்தயம் ஒரு தேக்கரண்டி கட்டாயம் வேண்டும். அது மாவுக்கு வழுவழுப்பைக் கொடுத்து வாயுவைப் பிடித்து வைக்கிறது. அரிசியோடு ஒரு பிடி அவலோ சோறோ சேர்த்தால் இன்னும் நல்லது. உப்பைக் கையால் கரைத்த பிறகு, உள்ளங்கையால் சில நிமிடங்கள் மாவை அடித்துக் கலக்குங்கள்.

பிறகு அந்தச் சூட்டை வெளியேறவிடாமல் பிடித்து வைப்பதுதான் மீதி வேலை. மீனும் மருந்தும் வரும் தடித்த தெர்மாகோல் பெட்டி கிடைத்தால், நன்றாகக் கழுவிக் காயவைத்து, மாவுப் பாத்திரத்தையும் வெந்நீர் நிரப்பிய ஒரு தூக்குவாளியையும் அதற்குள் வைத்து மூடுங்கள். தூங்கப் போகும் முன் ஒரு தடவை வெந்நீரை மாற்றினால் காலையில் பலன் தெரியும்.

கரிசல்மண்:

எல்லோரும் பெட்டி கட்டிக் கொடுப்பதிலேயே முனைந்திருக்கிறீர்கள். மன்னிக்க வேண்டும், நான் மாற்றுக் கருத்தைச் சொல்கிறேன். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வேலைக்காக இந்த மலைக்கு வந்து நிலைத்துவிட்டவன் நான்.

ஒவ்வொரு ஊருக்கும் அதன் காற்றுக்கும் தண்ணீருக்கும் ஏற்ற உணவு ஏற்கெனவே இருக்கிறது. இந்த மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் படகர் வீடுகளில் கேழ்வரகும் சாமையும் அவரையும் கீரையும் உருளைக்கிழங்கும் சமைக்கிறார்கள். கேழ்வரகுக் களி புளிக்க வேண்டியதில்லை, இரவெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை. கொதிக்கும் நீரில் மாவைக் கொட்டிக் கிளறினால் முடிந்தது, பல் இல்லாதவரும் விழுங்கலாம். குளிருக்கு வயிற்றில் நின்று சூடு கொடுக்கும். புது ஊருக்கு வந்த பிறகும் பழைய ஊரின் சமையலறையையே பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றுவது, அந்த ஊரோடு ஒட்டவே மாட்டேன் என்று சொல்வதற்குச் சமம் என்பது என் கருத்து. அடை, கொழுக்கட்டை, இடியாப்பம் ஆகியவற்றுக்கும் புளிப்பு தேவையில்லையே. இட்லி ஒன்றுக்காக ஏன் இவ்வளவு பாடு?

காவிரிக்கரை:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இஞ்சிப்பூண்டு அக்கா சொன்னபடி பருப்பை ஊறவைத்து, நேரம் பார்த்து இறக்கினேன், நெய்யாக மசிந்துவிட்டது.

கரிசல்மண் அண்ணன் சொன்னதை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. கேழ்வரகும் அவரையும் கற்றுக்கொள்ளவே விரும்புகிறேன். ஆனால் இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. என் மாமியார் பிறந்ததிலிருந்து காவிரிக் கரையை விட்டு வெளியே வாழ்ந்ததில்லை. மகனுக்காகவும் பேரப்பிள்ளைகளுக்காகவும் இந்த வயதில் அத்தனையையும் விட்டுவிட்டு எங்களோடு மலையேறி வந்திருக்கிறார். பேச்சுத்துணைக்குத் தெரிந்த முகம் கிடையாது, கோயில் நடை தூரம் கிடையாது, மாலை ஐந்து மணிக்கே கதவைச் சாத்திவிட வேண்டிய குளிர். அவருக்குக் காலையில் தட்டில் வரும் ஓர் இட்லியாவது ஊரில் இருந்ததுபோல் இருக்க வேண்டும் என்று நான் விரும்புவது, இந்த ஊரோடு ஒட்டாமல் இருப்பதற்காக அன்று. ஒன்று நிலையாகக் கிடைத்தால்தான் முதியவர்கள் மற்றொன்றைத் துணிந்து வாயில் வைப்பார்கள். களியை அவருக்கு முன்னால் வைக்கும் நாளும் வரும். இட்லியைப் பறித்துக்கொண்டு அதைக் கொடுக்க மாட்டேன்.

பழையதோட்டம்:

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இந்த இழையைப் படித்தபோது எங்கள் பாட்டி சொன்னவை நினைவுக்கு வந்தன.

எங்கள் குடும்பம் இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்துகொண்ட 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இங்கே வந்தது. எங்களைப்போன்று வந்தவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில்தான் பெரியவர்கள் வேலை பார்த்தார்கள். இலங்கை மலையகத்தின் நுவரெலியாவும் கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரமுள்ள குளிர்ந்த ஊர்தான். விடிவதற்குள் மலைக்குப் போக வேண்டிய பெண்கள், பொங்குமோ பொங்காதோ என்று மாவை நம்பிக்கொண்டிருக்க முடியாது. அதனால் லயத்து வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், காலை உணவு என்றால் ரொட்டிதான். கோதுமை மாவோடு தேங்காய்த்துருவலும் உப்பும் சேர்த்து, வெந்நீர் விட்டுப் பிசைந்து, கையால் தட்டி, கனத்த கல்லில் எண்ணெயில்லாமல் சுட்டெடுப்பார்கள். தொட்டுக்கொள்ளக் கட்டைச் சம்பல்: காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு ஆகியவற்றை அம்மியில் நசுக்கி எலுமிச்சை பிழிந்தது. அவர்கள் இங்கே வந்தபோது ரொட்டியும் கூடவே வந்தது. கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் எங்கள் வீடுகளில் இன்றும் அதுதான் காலைச் சாப்பாடு.

பெரியவருக்குக் கொடுப்பதானால் பிசையும்போது கொஞ்சம் தேங்காய்ப்பாலும் விட்டு, சுட்டவுடன் துணியில் சுற்றி மூடி வையுங்கள் அக்கா. ரொட்டி விறைக்காது, பாலிலோ குழம்பிலோ ஊறவைத்தால் கரைந்துவிடும். ஊர் மாறியவர்கள் முதலில் எதைச் சமைத்தார்கள் என்று கேட்டால் அதற்குள் அவர்களுடைய வேலை நேரமும் கூலியும் சேர்ந்தே இருக்கும். கரிசல்மண் அண்ணன் சொல்லும் 'இந்த ஊர் உணவு' என்பதில் எங்கள் ரொட்டியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கரிசல்மண்:

சேர்த்துக்கொள்கிறேன் தம்பி. காவிரிக்கரை சகோதரி சொன்ன நியாயத்தையும் ஏற்றுக்கொள்கிறேன். பெரியவரைப் பற்றி நான் நினைத்துப் பார்க்காமல் பொதுவாகப் பேசிவிட்டேன்.

பெட்டிக்குப் பதில் இன்னொரு யோசனை: குளிருக்காகப் பல வீடுகளில் இரும்புச்சட்டியில் அடுப்புக்கரி மூட்டி வைக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் மாவுப் பாத்திரத்தை வைத்தால் அறையும் சூடாகும், மாவும் பொங்கும்.

இஞ்சிப்பூண்டு:

அதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். புதிதாக வந்த யாராவது இதைப் படித்துச் செய்துவிடக் கூடாது என்பதால் அழுத்திச் சொல்கிறேன். கரி முழுவதும் எரியாமல் கனன்றுகொண்டிருக்கும்போது கார்பன் மோனாக்சைடு வெளியாகும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கதவையும் சன்னலையும் சாத்திய அறையில் கரி நெருப்பை வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவே இல்லை என்ற செய்திகள் மலையூர்களில் வந்திருக்கின்றன. பழைய வீட்டுக் கணப்பு என்றால் புகைபோக்கி உண்டு, அது வேறு. சட்டி நெருப்பை முற்றத்திலோ, கதவு திறந்திருக்கும் இடத்திலோ, விழித்திருக்கும் நேரத்தில் மட்டுமே வைக்க வேண்டும். முதியவர் தூங்கும் வீட்டில் இரவு முழுவதும் வைப்பதை நினைத்தும் பார்க்கக் கூடாது.

சிலிண்டரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பனிக்காலத்தில் விடியற்காலை தீ மெலிந்து எரியும், சிலிண்டர் தீரும் நிலையில் இருந்தால் இன்னும் மெலியும். குளிரில் உள்ளிருக்கும் திரவம் சரியாக ஆவியாகாததே அதற்குக் காரணம். அதற்காகச் சிலர் கொதிநீர் ஊற்றுகிறார்கள், அடுப்பருகே நகர்த்துகிறார்கள், இரண்டும் ஆபத்து. வெயில் வந்த பிறகு தீ தானாகச் சரியாகும். கடினமான சமையலைக் காலை பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்வதே இந்த ஊர் வழக்கம்.

கரிசல்மண்:

நன்றி அம்மா. நான் சொன்னதை யாரும் பின்பற்ற வேண்டாம்.

காவிரிக்கரை:

தெர்மாகோல் பெட்டி ஒன்று மருந்துக்கடையில் கேட்டதும் கிடைத்தது. செய்து பார்த்ததை விரிவாகவே எழுதுகிறேன், வேறு யாருக்காவது பயன்படக்கூடும்.

உளுந்தைக் காலையில் வெந்நீரில் போட்டுக் கம்பளியால் சுற்றி வைத்துவிட்டு, மாலை நான்கு மணிக்கு, வெயிலின் சூடு சுவரில் இருக்கும்போதே அரைத்தேன். இட்லி அரிசிக்குப் பதிலாக நியாயவிலைக் கடைப் புழுங்கலரிசியில் ஒரு பங்கும் சேர்த்தேன். அது ஊரிலும் எனக்குக் கைகொடுத்த பழக்கம். எவர்சில்வர் பாத்திரம் சூட்டைச் சீக்கிரம் விட்டுவிடுவதால் மாவை மண்சட்டிக்கு மாற்றி, சட்டியையும் முதலில் வெந்நீர் ஊற்றிச் சுட வைத்துக்கொண்டேன். பெட்டிக்குள் தூக்குவாளியை வைத்து மூடிய பிறகு, மூடியைச் சுற்றிப் பழைய வேட்டியால் கட்டினேன். இரவு படுக்கும் முன் வெந்நீரை மாற்றியபோது மாவின் மேற்பரப்பில் கடுகளவு குமிழ்கள் இரண்டொன்று தெரிந்தன. காலையில் பாதியளவு உயர்ந்திருந்தது, புளிப்பு போதவில்லை. அப்படியே விட்டுவிட்டு மதியம் திறந்தபோது சட்டியின் கழுத்து வரை ஏறி, நடுவில் மெல்லக் குவிந்து, கரண்டியை விட்டால் நுரை உடையும் ஒலி கேட்டது. ஆகவே, ஊரில் ஓர் இரவு என்றால் இங்கே ஓர் இரவும் அரைப் பகலும் என்று கொள்ள வேண்டும். இப்போது முந்தின நாள் மாலை அரைத்து, மறுநாள் இரவு குளிர்சாதனப் பெட்டியே தேவையில்லாமல் சமையலறைச் சன்னலோரத்தில் வைத்து, அதற்கடுத்த காலையில் வார்க்கிறேன். குளிரே புளிப்பை நிறுத்திவிடுவதால் மாவு அளவுக்கு மேல் புளிப்பதில்லை. கும்பகோணத்துக் கோடையில் எனக்கு வாய்க்காத வசதி இது.

ஆவியின் சூடும் குறைவுதானே என்று இட்லியைப் பதினைந்து நிமிடம் வேகவிட்டேன், பஞ்சாக வந்தது. மாமியார் இரண்டு கேட்டு வாங்கி உண்டார்.

தயிருக்கும் இதே பெட்டிதான். ஊரிலிருந்து கொண்டுவந்த உறை வழியிலேயே கெட்டுவிட்டதால், காம்போடு கூடிய பச்சைமிளகாய் நாலைந்தை வெதுவெதுப்பான பாலில் அமிழ்த்திப் பெட்டிக்குள் வைத்தேன். அது இளகலாகத்தான் உறைந்தது. அதிலிருந்து எடுத்து மீண்டும் உறையிட்டபோது கத்தியால் வெட்டும்படி கெட்டியாக வந்தது.

காபியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கும்பகோணத்திலிருந்து வந்தவளுக்கு அது விட்டுப்போகக் கூடாத செய்தி. டிகாக்ஷனுக்குக் கொதிநீரை அப்படியே ஊற்றினால் பொடி கருகிக் கசக்கும் என்று ஊரில் சற்று ஆறவிட்டு ஊற்றுவோம். இங்கே கொதிக்கும் நீரே 92 டிகிரி என்பதால் ஆறவிட வேண்டியதில்லை. ஃபில்டரை மட்டும் முன்கூட்டியே சுட வைத்துக்கொண்டால் டிகாக்ஷன் அருமையாக இறங்குகிறது.

மலைப்பாதை:

படிக்க மகிழ்ச்சியாக இருந்தது சகோதரி. மண்சட்டியைச் சுட வைத்துக்கொண்டது மிகச் சரியான செயல். குளிர்ந்த சட்டி மாவின் சூட்டைத்தான் முதலில் குடிக்கும். ஒரு ஐயம்: சந்தைக்குப் போகத் தொடங்கிவிட்டீர்களா? உழவர் சந்தைக்குக் காலையில் போனால், விற்பவர்களிடமே சமைக்கும் முறையையும் கேட்டுக்கொள்ளலாம்.

காவிரிக்கரை:

போகிறேன் ஐயா. முதலில் காய் வாங்க மட்டும் போனேன். இப்போது பேசுவதற்காகவும் போகிறேன். கேத்திப் பள்ளத்தாக்கிலிருந்து வரும் கேரட்டை முதல்முறை வாங்கியபோது, தழையோடு, ஈரம் சொட்டச் சொட்ட, ஒடித்தால் சத்தம் வரும்படி இருந்தது. நள்ளிரவிலேயே தோட்டத்தில் இறங்கிப் பிடுங்கி, விடிவதற்குள் கழுவி லாரியில் ஏற்றிவிடுகிறார்கள் என்று விற்பவர் சொன்னார். ஊரில் 'ஊட்டி கேரட்' என்று நாங்கள் வாங்கியதற்குப் பின்னால் அந்தக் குளிரில் நின்ற கைகள் இருந்தன என்பது இங்கே வந்த பிறகுதான் மனத்தில் பதிந்தது. கேரட்டுக்கு விலை பேசுவதை அன்றோடு விட்டுவிட்டேன்.

சௌசௌவை இங்கே மேரக்காய் என்கிறார்கள். கொல்லையில் கொடியாகப் படர்ந்து, காய்த்துக் கொட்டுவதால் பக்கத்து வீட்டில் இருந்து பை நிறையக் கொடுத்தார்கள். கூட்டு, பொரியல், தோலில் துவையல் என்று செய்து, துவையலில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் அவர்கள் வீட்டுப் பாட்டி, படகப் பெரியவர், ஒரு கிண்ணத்தில் அவரைப் பருப்பும் உருளைக்கிழங்கும் கீரையும் போட்ட, அவர்கள் உதக்க என்று சொல்லும் குழம்பையும் கேழ்வரகுக் களியையும் கொடுத்தனுப்பினார். கரிசல்மண் அண்ணனுக்காகச் சொல்கிறேன்: என் மாமியார் களியை நெய் தொட்டு விழுங்கிவிட்டு, இது எப்படிக் கிளறுவது என்று என்னைக் கேட்கவில்லை, சால்வையைப் போர்த்திக்கொண்டு அந்தப் பாட்டியையே கேட்கப் போய்விட்டார். ஒருவர் பேசுவது மற்றவருக்கு முழுவதும் புரிவதில்லை. ஆனாலும் வெயில் வரும் நேரத்தில் இருவரும் திண்ணையில் உட்கார்ந்து அவரை உரிக்கிறார்கள்.

மரத்தக்காளியை என்ன செய்வதென்று சந்தையிலேயே கேட்டேன். முட்டை வடிவில் கருஞ்சிவப்பாக இருக்கிறது. தோல் கசக்கும் என்பதால் தணலில் வாட்டித்தான் உரிக்க வேண்டும். உரித்ததை மலைப்பூண்டு இரண்டு பல், பச்சைமிளகாய், உப்பு ஆகியவற்றோடு அம்மியில் நசுக்கினால் சூடான சோற்றுக்கு வேறெதுவும் வேண்டாம். புளிக்குப் பதிலாக ரசத்திலும் இட்டுப் பார்த்தேன். புளிப்போடு ஒரு பழவாசனையும் சேர்ந்து வருகிறது. மிளகைக் கூட்டிப் போட்டால் பொருந்துகிறது. இந்த ஊர்ப் பூண்டுக்குக் காரம் அதிகம் என்பதால் ஊரில் போடும் அளவில் பாதி போதும்.

கோடைவாசல்:

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். இங்கும் 2,100 மீட்டரைத் தாண்டிய உயரம்தான். பிள்ளைகள் உள்ள வீடு என்பதால் கேக் செய்து பார்ப்பீர்கள் என்று நினைக்கிறேன். சமவெளிக் குறிப்பின்படி பேக்கிங் பவுடரைப் போட்டால், காற்றழுத்தம் குறைந்த இடத்தில் வாயு அதிகமாக விரிந்து, கேக் வேகமாக எழுந்து நடுவில் அமுங்கிவிடும். கால் பங்கைக் குறைத்துக்கொண்டு, சர்க்கரையையும் சற்றுக் குறைத்து, ஓரிரு மேசைக்கரண்டி பால் கூடுதலாக விட்டு, ஓவனின் சூட்டை 10 டிகிரி ஏற்றி வையுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி வைப்பது நல்லது.

எனக்கும் ஒரு கேள்வி உண்டு. வடகமும் வற்றலும் இங்கே எப்படிப் போடுவது? மூட்டமும் மழையும் மாறி மாறி வந்து, காய்வதற்குள் பூத்துவிடுகின்றன.

காவிரிக்கரை:

கேக் குறிப்புக்கு நன்றி. மகளிடம் கொடுத்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை அவள் பொறுப்பு.

வடகத்தைப் பொறுத்தவரை நான் இங்கே முயலப் போவதில்லை. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் எட்டிப் பார்க்கும் ஊரில், விடாமல் நாலு நாள் சுள்ளென்ற வெயிலை எதிர்பார்ப்பது வீண் என்று இஞ்சிப்பூண்டு அக்காவும் தனிமடலில் சொன்னார். சித்திரையில் பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டதும் கும்பகோணம் போகும்போது, மொட்டைமாடியில் கூழ் காய்ச்சி அரிசி வடகமும் சுண்டைக்காய் வற்றலும் ஓராண்டுக்குப் போட்டுக் கொண்டுவரப் போகிறோம். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் சேர்த்தே போட வேண்டும் என்று மாமியார் இப்போதே சொல்லிவிட்டார். கொண்டுவந்ததை இந்த ஈரக்காற்றில் நமுக்காமல் வைப்பதற்கு, வெறும் வாணலியில் வறுத்து ஆறிய அரிசியைத் துணியில் முடிந்து டப்பாவின் அடியில் போட்டு, மேலே வடகத்தை அடுக்கி இறுக மூடுங்கள். மாதம் ஒரு தடவை அந்த அரிசியை மறுபடி வறுத்துப் போட்டால் போதும். உப்பு ஜாடிக்கும் நான் இதையே செய்கிறேன், உப்பு கசிவதில்லை.